பூட்டுப் போட்ட பிஸ்கட் டப்பா

என் தங்கச்சிக்குக் கால் எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனபோது எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, பொறாமை. மறைப்பானேன்?

பத்து வருஷமாக இடுப்பு வலியோடு கொழுந்து பறிக்கிறேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் எனக்கு எப்போதும் அதே வெள்ளை மாத்திரை, அதே தைலம். அவளுக்கோ குன்னூர் டாக்டர் வலிக்கென்று தனிச் சீட்டே எழுதிக் கொடுத்திருந்தார். அவள் வீட்டுக்காரர் அந்த மாத்திரைகளைப் பிஸ்கட் டப்பாவில் பூட்டி வைத்து, மணி பார்த்து எடுத்துக் கொடுப்பார். என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்திருப்பாரா!

எஸ்டேட்காரர்கள் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் மருந்து பொதுச்சொத்து. "உனக்குக் கேட்டுச்சா? அப்ப எனக்கும் ஒண்ணு குடு" என்று வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். நானும் கேட்டேன்.

"இது எனக்கு எழுதுனது, அக்கா. நீ வேற தூக்க மாத்திரை போடறே. ரெண்டும் சேந்தா மூச்சே நின்னுருமாம்" என்றாள்.

"அடேயப்பா! கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணு குடுக்க மனசில்ல. அதுக்கு மூச்சாம், பேச்சாம்!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்காரர் டப்பாவைப் பூட்ட மறந்து கடைக்குப் போனார். அவள் கண்ணயர்ந்திருந்தாள். இரண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் விழுங்கினேன். நன்றாகத் தூங்கலாமே என்று தூக்க மாத்திரையையும் போட்டுக்கொண்டேன். வலி போனது. நானும் போகப் பார்த்தேன்.

கண் விழித்தால் ஆஸ்பத்திரி. தங்கச்சி எழுந்து டப்பாவைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டதாம். ஊன்றக் கூடாத காலை ஊன்றி, என் வீடு இருக்கும் மேல் லைனுக்குப் போகும் இருபது படியும் ஏறி வந்திருக்கிறாள். உதடு நீலம் பாய்ந்து கிடந்த என்னை, ஜீப் வரும்வரை "மூச்சு வுடுக்கா, மூச்சு வுடு" என்று உலுக்கிக்கொண்டே இருந்தாளாம். அவள் காலில் வைத்த பிளேட் விலகி, மறுபடியும் ஆபரேஷன்.

அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். நர்ஸ் அவளிடம், "உங்களாலதானுங்க அக்கா பொழைச்சாங்க" என்றார். அங்கேயும் அவளுக்குத்தான் பேர்! வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மாத்திரை நேரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், நர்ஸ் நீட்டியதை வாங்கும் முன் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீ அந்தப் பக்கம் திரும்பிப் படு."

திரும்பிப் படுத்தேன். இடுப்பு உயிர் போகிற மாதிரி வலித்தது. எனக்கும் ஒன்று கொடு என்று கேட்க வாய் வரவில்லை.