கூட்டாத வாசல்

காய்ந்த ரப்பர் இலையை மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். ஈப்போவில் நான் போய்வரும் ஹைக்கூ வகுப்பில், மூன்றே அடிதான், அதில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் வேண்டும், மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட வேண்டும் என்று வகுப்பு நடத்தும் இளம்பெண் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது அந்தச் சத்தம்தான். 'இலையுதிர்காலம்' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். வெயிலையும் மழையையும் தவிர வேறொன்றும் அறியாத நாட்டில் ஏது இலையுதிர்காலம், ஜப்பானிடம் இரவல் வாங்கினீர்களா என்று கேட்டார். வாதாட எனக்குத் தெம்பில்லை. இந்த வயதில் தலையாட்டிவிடுவதுதான் சுகம்.

ஆனால் நான் அதைக் கண்டிருக்கிறேன். எழுபதுகளில் பத்து காஜாவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தைப்பூசம் முடிந்த கையோடு அது வந்துவிடும். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்தில் அதற்கு 'எல கொட்டுற காலம்' என்று பெயர். மரமெல்லாம் சிவந்து, பிறகு மொட்டையாகி, எப்போதும் இருட்டிக் கிடக்கும் வெட்டுக்காட்டில், பால் எடுக்கும் அந்த மரங்களுக்கிடையே, திடீரென்று வானம் தெரியும். பால் குறையும், வெக்கை கூடும், பெரியவர்கள் எதற்கும் சள்ளென்று விழுவார்கள். லயத்துப் பெண்கள் காலையும் மாலையும் வாசல் கூட்டிக் கூட்டி இடுப்பொடிந்து போவார்கள். எங்கள் வாசலை மட்டும் அம்மா கூட்டவே மாட்டாள்.

அப்பா தைப்பிங்கில் லாரி ஓட்டப் போனது அப்படியொரு காலத்தில்தான். "எல துளிர்விடுறதுக்குள்ள வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வருஷத்து இலை என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா மட்டும், கூட்டாத வீட்டில் மூதேவிதான் குடியிருப்பாள் என்று எங்கள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே கூட்டுவார். நாமும் கூட்டினால் என்ன என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்.

"கெடக்கட்டும். யாரு வந்தாலும் முன்னாடியே தெரியும்லா" என்றாள்.

மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, மத்தியானத்தில் அம்மா வெறுந்தரையில் படுத்திருப்பாள். வெளியே இலை நொறுங்கும். கண்ணைத் திறக்காமலே "கோழி" என்பாள். "நாய்" என்பாள். "அன்னம்மா, உப்புக் கேக்க வாரா" என்பாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. அவளுக்கு அது விளையாட்டில்லை என்று புரியும் வயதில்லை எனக்கு.

ஒரு மத்தியானம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டென்று எழுந்து, தலைமுடியை ஒதுக்கி, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வாசலுக்குப் போனாள். ஆண்பிள்ளை நடைதான். வந்தவர் அப்பாவோடு லாரியில் ஓடிய மணியம் சித்தப்பா. இலைமேல் நின்றபடியே சொன்னார்: "அண்ணி, அண்ணே இனிமே வரமாட்டாரு. அங்க ஒரு குடும்பம் ஆகிப்போச்சு."

அம்மா அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். அவர் போனதும் விளக்கமாற்றை எடுத்து, வாசலை மண் தெரியக் கூட்டி, இலைகளைக் குவித்துக் கொளுத்தினாள். புகை லயம் முழுக்கச் சுற்றியது. அன்னம்மா அக்கா தன் விளக்கமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் இலை கொட்டியபோது அம்மா மறுபடியும் கூட்டவில்லை. ஒருநாள் மத்தியானம் இலை நொறுங்கியது, ஒவ்வோர் அடியாக, நிதானமாக. இருவருக்கும் கேட்டது. அம்மா கொண்டையைத் தொட்டுக்கொண்டு போய் நின்றாள். வெயில்தான் இருந்தது. காற்றுகூட இல்லை. யாரம்மா என்றேன். "யாருமில்ல, படு" என்றாள். அவள் உடனே உள்ளே வரவில்லை.

அதைத்தான் கடைசியில் எழுதிக் கொண்டுபோனேன்:

கூட்டாத வாசல்;
இலை நொறுங்க ஒரு நடை,
வெயில் மட்டும்.

நடந்தது யார் என்று தெளிவாக இல்லையே என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்கும் அது இன்றுவரை தெளிவாக இல்லை.

அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். லயம் இல்லை, அன்னம்மா அக்கா இல்லை. செம்பனை இலை கொட்டாது. மட்டையை வெட்டிப் போட்டால்தான் உண்டு. அங்கே போய் நடந்து பார்த்தேன். ஈர மண்ணில் என் காலடியே எனக்குக் கேட்கவில்லை.

அம்மா கடைசிக் காலத்தில் ஈப்போவில் என் அடுக்குமாடி வீட்டில்தான் இருந்தாள். வழவழவென்று கல் பதித்த நடைபாதை. "இங்க யாரு வந்தாலும் தெரியமாட்டேங்குது" என்று ஓயாமல் முனகுவாள். பாதுகாப்புக்குச் சொல்கிறாள் என்று எண்ணி அழைப்புமணி வாங்கி மாட்டினேன். வருவதெல்லாம் கேஸ்காரனும் தபால்காரனும்தான். ஆனாலும் அந்த மணி அடித்தால் போதும், அம்மாவின் கை முதலில் தலைமுடிக்குத்தான் போகும்.