சரோஜா சேச்சியின் பெரிய பாய்லர்

சாலைக் கடைத்தெருவில் பிளம்பிங் வேலைக்குக் குழாய் வாங்கிக்கொண்டிருந்தபோது வெளிநாட்டிலிருந்து போன் வந்தது. ஸ்ரீவராகம் பகுதி சரோஜா சேச்சியின் தம்பி பாலு பேசினார். "அக்கா காலமாயிட்டா, துரை. நாங்க எல்லாரும் நாளைக்கு வந்துடுவோம். பாத்ரூம் அஞ்சுலயும் வெந்நீர் வரதான்னு கொஞ்சம் பாத்து வச்சுடு." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். யாரைப் பார்த்தாலும் கிண்டலடிக்கிறவன் நான். அன்று வாங்கிய குழாயைக் கடையிலேயே வைத்துவிட்டு ஸ்ரீவராகத்துக்குப் புறப்பட்டேன்.

சேச்சியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு தம்பி தங்கைகள் நால்வரையும் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, விமானம் ஏற்றிவிட்டவர். முதல் நாள் நான் "மாமி" என்று கூப்பிட்டேன். "எந்த மாமாவுக்கு நான் மாமி? இந்த மலையாள ஊர்ல எல்லாரும் அக்காவைக் கூப்பிடற மாதிரி சேச்சின்னு கூப்பிடு, போறும்" என்றார். அன்றைக்கே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

பின்கட்டில் இருந்த பழைய செம்பு பாய்லர் ஓட்டையாகிவிட்டதென்றுதான் என்னை அழைத்திருந்தார். ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தும் ஒழுக்கு நிற்கவில்லை. வீடோ வாசலில் நுழைந்தால் கொல்லைவரை போய்க்கொண்டே இருக்கும். மேலே மாடி வேறு. வெந்நீர்க் குழாயெல்லாம் உள்ளே துரு அடைத்துக் கிடந்தது.

"ஒரு ஆளுக்கு எதுக்கு சேச்சி பெருசு? சின்னதா ஒரு கீஸர் மாட்டித் தாறேன்."

"ஒரு ஆள்னு யார் சொன்னா? தீபாவளிக்கு எல்லாரும் வருவா. விடியறதுக்கு முன்னாடி அஞ்சு பாத்ரூம்லயும் ஒரே சமயத்துல எண்ணெய் தேச்சுக் குளிப்பா. அதுக்குக் கணக்குப் போடு."

"இது வீடா, லாட்ஜா?"

"லாட்ஜ்னா வாடகை குடுப்பா. இவா குடுக்கமாட்டா. நீ அளவெடு."

வீட்டில் எத்தனை பேர் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை குழாய் திறக்கும் என்பதைப் பார்த்துத்தான் பாய்லரின் அளவைச் சொல்ல வேண்டும். எனவே தீபாவளி விடியற்காலைக்குக் கணக்குப் போட்டேன். எண்ணெய்த் தலை என்பதால் ஆளுக்கு ஒரு வாளி கூட்டிக்கொண்டேன். மாடியில் கடைசி அறை தூரம். போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடாமல், பழைய குழாயைப் பிடுங்கிவிட்டுப் பெரிதாக இழுத்து, மேலே உறை சுற்றினேன்.

வேலை முடிந்ததும் எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்தோம். சேச்சி அறை அறையாகப் போய்க் கைநீட்டிப் பார்த்தார். "பாலுவுக்கு இது சரி. கீதாவுக்கு இன்னும் சூடு வேணும், அவளுக்குச் சட்டுனு சளி பிடிச்சுக்கும்."

"அவங்களுக்கே அம்பது வயசாயிருக்கும்லா, சேச்சி?"

"ஆனா உனக்கென்ன? திருகு."

முதல் தீபாவளிக்கு அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லையாம். அடுத்ததற்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். அதற்கடுத்த வருடம் காரணம்கூடச் சொல்லவில்லை. போனில் விளக்குப் படம் அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தின நாளே சேச்சி என்னை வரவழைத்து, பாய்லரை நிறைத்துச் சூடேற்றச் சொல்வார். "சொல்லாம கொள்ளாம டாக்ஸில வந்து நின்னா?" என்பார்.

கடைசித் தடவை, அவரைச் சிரிக்க வைக்கலாமென்று, "அப்ப நானும் என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் வந்து குளிச்சிட்டுப் போறோம், கரண்டு வீணாகாதுல்லா?" என்றேன். சேச்சி சிரிக்கவில்லை. "நீங்க குளிச்சா அவாளுக்குத் தண்ணி?" என்றார். அதன் பிறகு அந்த விஷயத்தில் நான் கிண்டல் பேசியதில்லை.

இப்போது வந்தார்கள். நால்வரும், குடும்பம் குட்டியோடு வந்தார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் சேச்சி கிடந்தார். பின்கட்டில் நான் அவர்களுக்கு வெந்நீர் போட்டேன்.

தகனம் முடிந்து திரும்பியதும் எல்லாரும் தலைக்குக் குளிக்க வேண்டும். ஐந்து குழாயும் ஒன்றாகத் திறந்தன. மாடிக் கடைசி அறையில்கூட ஆறவில்லை. போதவில்லை என்று ஒருவர் குரல் கொடுக்கவில்லை.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே தங்கை கீதா பின்கட்டுக்கு வந்தார். பாய்லரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்டியா இருந்தவளுக்கு இத்தனை பெருசா? வயசானவளை ஏமாத்தித் தலையில கட்டிட்டியே!"

"நான் சின்னதுதான் சொன்னேன். நீங்கல்லாம் வருவீங்கன்னு சேச்சிதான் சொன்னாங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மாடிக் கைப்பிடி நெடுகிலும் ஈரத்துண்டுகள் தொங்கின. அந்த வீட்டில் அதுவரை ஒரு துண்டுக்கு மேல் காய்ந்து நான் பார்த்ததில்லை.

எல்லாரும் குளித்தாகிவிட்டது, சேச்சி. இனி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். படுத்துக்கொள்ளுங்கள்.