காசம்மாள் சொல்லாத சேதி

உறுவையாறு கிராமத்தில் துணி வெளுத்துப் பிழைத்த காசம்மாளை இன்று மாலை அடக்கம் செய்தோம். என் அம்மா அமுதத்துக்குப் பதின்மூன்று வயதில் தாலி ஏறாமல் போனது அவளால்தான்.

அம்மாவின் அக்கா வள்ளியம்மாளைத் தாய்மாமன் ஆதிமூலத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பதினாலு வயதில் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அந்த அறையின் துணிகளை வாரிக்கொண்டு போனவள் காசம்மாள். ஆதிமூலம் அடுத்துத் தங்கைக்காகக் காத்திருந்தார். அவள் பெரியவளாக வேண்டியதுதான் பாக்கி.

அமுதம் அப்போது வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். பள்ளியில் பெயர் பதிந்த பெண்ணைக் கடைசிப் பரீட்சைவரை நிறுத்தக் கூடாது என்று ஊரில் தண்டோரா போட்டிருந்தார்கள். ஆனால் பெரியவளான பெண்ணைத் தெருவில் அனுப்பச் சொல்ல பிரெஞ்சு ஆட்சியின் ஊர்த்தலைவரான எந்த மேருக்கும் துணிவில்லை. தீட்டுத் துணி வண்ணாத்தியிடம் போகும். அவள் உறவு வீடுகளுக்குச் சேதி சொல்வாள். பெண்ணைத் தனியே உட்காரவைக்கக் குச்சு கட்டத் தாய்மாமன் பச்சை ஓலையோடு வருவார். பள்ளிக்கூடம் அதோடு முடியும்.

பரீட்சைக்கு ஒரு வருஷம் இருக்கும்போது அமுதம் பெரியவளானாள். அவள் தாய் தையலம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. மகளின் துணிகளைத் தானே கொல்லையில் அலசிக்கொண்டாள்.

அங்கேதான் தவறினாள். சில வாரம் கழித்துக் காசம்மாள் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, சின்னப் பொண்ணு துணியே கட்டறதில்லியா? மூட்டையில ஒரு பாவாடை கூடக் காணோம்."

தையலம்மாள் வீட்டுப் பக்கக் கதவைச் சாத்தினாள். காசம்மாளே தொடர்ந்தாள்:

"எல்லாத்தையும் எங்கிட்ட போடு. ஒம் பொடவைக்குள்ள சுத்திப் போடு. ஒம் பெரிய பொண்ணு பிரசவத் துணியத் தொவைச்ச கையிம்மா இது. படிக்கட்டும்."

சேதி சொல்லும் வண்ணாத்திக்குப் புடவையும் நெல்லும் உண்டு. மறைத்தது தெரிந்தால் ஊரில் ஒரு வீடும் அவளுக்குத் துணி போடாது. அவளுக்கு இரண்டும் தெரியும்.

ஆதிமூலம் துறைக்கே வந்து கேட்டார். "இன்னா காசம்மா, எங்க ஊட்டுச் சேதி ஒண்ணுமில்லியா?"

"வந்தா மொதல்ல ஒங்களுக்குத்தான் சாமி. ஓல வெட்ட அருவாளத் தீட்டி வையுங்க. ஆத்துல கல்லு நெறைய கெடக்குது."

துறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அதன்பின் கேட்கவில்லை. மாசியில் சுத்துக்கேணியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

அமுதம் பரீட்சை எழுதித் தேறினாள். அதற்குப் பிறகுதான் மஞ்சள் நீராட்டினார்கள். ஆதிமூலம் முறைக்காக ஓலை கட்டிவிட்டுப் போனார். அம்மாவுக்குக் கல்யாணம் பத்தொன்பதில்; மறுவருஷம் நான் பிறந்தேன். பிரசவ அறைக்கு வெளுத்த துணி கொண்டு வந்தவளும் காசம்மாள்தான். அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போனாளாம்.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள் அவளிடம் சொன்னேன்: "ஆயா, நீ இல்லன்னா எங்கம்மா இல்ல."

அவள் சிரிக்கவில்லை.

"சுத்துக்கேணிக்காரி இருந்தாளே, அவளும் ஒங்கம்மா வயசுதான். அடுத்த வருசமே வயித்த தள்ளிக்கிட்டு வந்தா. உசுரு மட்டும் மிஞ்சிச்சு, அவ்ளோதான். அவ ஊர்லயும் என்ன மாதிரி வண்ணாத்தி ஒருத்தி இருந்திருப்பா. ஆனா அந்தப் பொண்ணு பள்ளிக்கூடமே போனதில்லியே கண்ணு. அவ சேதிய எதுக்காக மறைப்பா?"