சுத்தமான வானத்தின் படம்

சார் என்று நான் அழைத்தவரை நினைத்தால் அவருடைய விரல்கள்தான் முதலில் கண்முன் வருகின்றன. பிரியாணி நெய் மினுங்கும் விரல்கள். எலும்பை உறிஞ்சியபடியே இடக்கையால் அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்தப் போடும்மா. டென்ஷன் ஆவாத." என் முன்னாலும் ஒரு தட்டு இருந்தது. நானும் சாப்பிட்டேன்.

செஞ்சிக்கு வெளியே, பழைய டயர்களை உலையிலிட்டு எண்ணெய் எடுக்கும் தொழிற்சாலையில் எங்களுக்குக் கொடுத்த விருந்து அது. காற்றைச் சோதித்து அறிக்கை தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் சார் தலைமைப் பொறியாளர். நான் கேமரா இயக்குபவள். கந்தக டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் புற ஊதா ஒளியை அது விழுங்கிவிடும். அந்த ஒளியில் படம் எடுக்கும் எங்கள் கேமராவின் திரையில் அது கறுத்த மேகமாகத் தெரியும்.

விருந்துக்கு மூன்று நாள் முன்பு, உலை எரிந்துகொண்டிருக்கும்போது, முதல் படத்தை எடுத்திருந்தேன். கோட்டை மலையின் பாறைகளை எண்ணிவிடலாம் போல வானம் அத்தனை தெளிவு. திரையிலோ புகைபோக்கியிலிருந்து கறுப்பு வழிந்து, தொழிற்சாலை மதிலை ஒட்டிய வீடுகளின் மேல் கவிழ்ந்தது. முதல் வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்துவந்து திரையைப் பார்த்தாள்.

"எங்க வூட்டு மேலயா இருக்குது இது? எம் பொண்ணு ஆறு மாசமா இருமுறா. யார் கிட்ட சொன்னாலும் தூசுன்றாங்க. இத எழுதிக் குடுப்பியாம்மா?"

"எழுதுவோம்க்கா" என்றேன்.

கேமராவில் கோளாறு என்று சொல்லி அந்தப் படத்தை சார் ஒதுக்கினார். மறுபடி எடுக்கப் போன அன்று உலையை முன்கூட்டியே அணைத்து வைத்திருந்தார்கள். படத்தில் வெறும் வானம். அதற்குத்தான் அந்த விருந்து, அதன் கீழேதான் என் கையெழுத்து. வெளியே வந்தபோது அக்கா கேட்டாள்: "அன்னிக்குப் பாத்தது இன்னாச்சும்மா?" நான் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அதை மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

பதினைந்து நாள் கழித்து, மறைத்து வைத்திருந்த முதல் படத்தையும் அறிக்கையின் நகலையும் அவளிடம் கொண்டுபோனேன். உட்காரச் சொல்லவில்லை. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எதுல உன் கையெழுத்து இருக்குது?"

அறிக்கையைக் காட்டினேன்.

"அப்ப இது பொய்யின்னு இன்னொரு கையெழுத்துப் போடு."

அவள் மகளின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன். அதை எடுத்துக்கொண்டு அவள் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். விசாரணை வந்தது; உலை நின்றது. எனக்கு வேலை போனது. சார் வேறொரு நிறுவனத்தில் இதைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறார். அவருக்குக் கீழே யாரோ ஒருத்தி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள்.

போன வாரம் கடைத்தெருவில் அக்காவைப் பார்த்தேன். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"கொறஞ்சிருக்குது" என்றாள். காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ வராத அந்தப் பதினஞ்சு நாளும் இருமிக்கிட்டேதான் இருந்தா."