அம்மா திருப்பி அனுப்பிய வெறுங்கிண்ணம்

எங்கள் அம்மா இளைப்பாறுதலுக்குள் சென்று இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் சபையாருக்கும் ஆம்பூர் மண்டித் தெருவாருக்கும் என் வணக்கம். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் திருத்தாமல் அப்படியே வாசிக்க வேண்டும். அதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருஷமாக மனசு அடித்துக்கொள்கிறது.

அம்மா பிறந்தது கடலுக்கு அப்பால், பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கும் ஒரு பண்ணை ஊரில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார்கள். ஊழியத்துக்கென்று கப்பல் ஏறினவர்கள், தாயார் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை. வேலூர் மிஷன் பங்களாவில் வாத்தியாராக ஒரு முன்ஷியை வைத்துத் தமிழ் படித்தார்கள். அதனால் கடைசி வரை புத்தகம் போலவே பேசினார்கள்.

காலராவில் என்னைப் பெற்றவர்கள் ஒரே வாரத்தில் போனார்கள். அம்மா என்னை எடுத்து வளர்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் இவர்களும் செத்துப்போவார்களோ என்று பயந்தே படிப்பை விட்டேன். அம்மா எவ்வளவோ சொல்லியும் போகவில்லை. அடுப்படியிலேயே இருந்துகொண்டேன்.

மருந்துப் பெட்டியோடு அம்மா ஏறாத வீடு கிடையாது. கோஷாவில், வெளியார் கண்ணில் படாமல் இருக்கும் பெண்களை ஆண் வைத்தியர் பார்க்க முடியாதல்லவா, அவர்களுக்கு அம்மாதான். யார் வீட்டுப் பண்டிகைக்குக் கூப்பிட்டாலும் போவார்கள், வைத்ததைச் சாப்பிடுவார்கள். "எங்கள் தேசத்தில் கடிதம் எழுதி அழைத்தால்தான் விருந்தாளி வருவார். இங்கோ பண்டிகை நாளில் எல்லாக் கதவும் திறந்திருக்கின்றன" என்று சந்தோஷப்படுவார்கள்.

நாங்கள் ஆம்பூருக்குக் குடிவந்த வருஷம் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் ஒரே வாரத்தில் வந்தன. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பெருநாளன்று தோல் மண்டி முதலாளி வீட்டிலிருந்து பெரிய பீபி ஒரு பித்தளைக் கிண்ணம் நிறைய சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினார்கள். அவர்கள் மருமகளுக்கு அது நிறைமாதம். அம்மா ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை வெந்நீரில் தானே கழுவி, பளபளவென்று துடைத்து என்னிடம் நீட்டினார்கள்.

"மகளே, இதை இவ்வண்ணமே அனுப்பலாமா? இங்கே வேறு வழக்கம் ஏதேனும் உண்டோ?"

"அனுப்பலாம்மா" என்றேன். அம்மாவே அதை வாசலில் விளையாடிய பையனிடம் கொடுத்தனுப்பினார்கள்.

நிறைந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் உண்டா? அதுவும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு அது அபசகுனம். வேலூரில் சமையல்காரர் அதைப் பார்த்துக்கொண்டதால் அம்மாவுக்குத்தான் தெரியாது. ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டிருந்தால் போதும். டப்பாவில் இருந்த சர்க்கரை கிறிஸ்துமஸ் கேக்குக்குக் காணுமோ காணாதோ என்று இரண்டு நாளாகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிட்டிகைக்கு மனசு வரவில்லை.

மறுநாள் அம்மா அந்த வீட்டுக்குப் போனபோது கதவு திறக்கவில்லை. "வூட்ல யாரும் இல்ல" என்று உள்ளேயிருந்து பெண்குரல் மட்டும் வந்தது. அடுத்த வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லாமல் கேக்குக்கு மாவு சலிக்கப் போனேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்து மேசை நிறைய கேக்கு வெட்டி வைத்தோம். மண்டித் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. "கடும்பனி நாளிலும் எங்கள் ஊரில் யாராவது வந்துவிடுவார்களே" என்று அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பால்காரர்தான் வந்தார்.

"இன்னாம்மா, கேக்கெல்லாம் அப்டியே கீது? மண்டி வூட்டு மருமகளுக்கு நேத்துலேர்ந்து நோவு. புள்ள குறுக்கால கீதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. ஒங்களக் கூப்புடலாம்னா பெரிய பீபி வுட மாட்டேங்குது. வெறுங்கிண்ணி அனுப்பினவங்களாச்சே!"

அம்மா மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கதவுச் சந்தில் பெரிய பீபி நின்றார்கள். உள்ளே மருமகள் முனகுவது கேட்டது.

"ஏம்மா துரைசானி, நான் நெறைச்சிக் கொடுத்ததுக்கு நீ காலியா அனுப்பினியா? இன்னா நெனச்சி அனுப்பினே?"

"கெட்ட எண்ணம் இல்லை. கழுவித் துடைத்து அனுப்புவதே மரியாதை என்று எண்ணினேன்."

"தொடச்சி வேற அனுப்பினியா!" பீபியின் பார்வை என்மேல் விழுந்தது. "நீ வெள்ளக்காரி, ஒனக்குத் தெரியாது. இவ இந்தப் பக்கத்துப் பொண்ணுதானே? இவளுக்குமா தெரியாது?"

நான் சொல்வதற்குள் அம்மா சொன்னார்கள்: "நான் அவளைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமலே அனுப்பினேன். குற்றம் என்னுடையது. மருமகளைப் பார்க்க விடுங்கள்."

உள்ளே முனகல் அலறலாக மாறியது. பெரிய பீபி கதவைத் திறந்தார்கள். அம்மா மட்டும் உள்ளே போனார்கள். நான் முற்றத்திலேயே நின்றேன். ஊறிய தோலின் வாடை காற்றில் வந்துகொண்டிருந்தது. உச்சி வெயில் சாயும்வரை நின்றிருப்பேன். குழந்தை அழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அது கேட்கவே இல்லை.

தாயைத்தான் காப்பாற்ற முடிந்தது.

வெளியே வந்த அம்மாவிடம் பெரிய பீபி கேட்டார்கள்: "நேத்தே கூப்ட்ருந்தா?"

"அறியேன்" என்றார்கள் அம்மா.

வழியில் நான் அழுதேன். "பொய் சொல்லிட்டீங்களேம்மா, எனக்காக."

"ஆம், சொன்னேன். இனி நாம் அதைப் பேச வேண்டாம்."

பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜெபத்தில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரும் எழுந்த பிறகும் அம்மா முழங்காலிலேயே இருப்பார்கள். அந்தத் தெருவில் அம்மாவுக்கு "வெறுங்கிண்ணி துரைசானி" என்று பெயரும் வந்துவிட்டது. சிறுவர்கள் பின்னாலிருந்து கத்துவார்கள். அம்மா திரும்பிச் சிரிப்பார்கள். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் "நான் கேட்டுத்தான் அனுப்பினேன்" என்று சொல்லவில்லை.

போன வருஷம் அம்மா நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் விழுந்தபோது அந்த மருமகள் பீபி, இப்போது பேரன் பேத்தி எடுத்தவர், தினமும் முக்காடிட்டு வந்து கஞ்சி புகட்டினார்கள். "அன்னிக்குத் தெரியாமதான செஞ்சீங்க. நாங்க எப்பவோ மன்னிச்சிட்டோம்" என்று அவர்கள் சொல்ல, அம்மா என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கு மூன்றாம் நாள் விடியற்காலை அடங்கினார்கள்.

சிகிச்சை செய்த டாக்டருக்கும், கல்லறை வரை சுமந்த சபை வாலிபருக்கும், பெட்டி போகும்போது கடையடைத்து நின்ற மண்டித் தெருவாருக்கும் நன்றி சொல்கிறேன். பெரிய பீபி காலமாகிவிட்டார்கள். மருமகள் பீபிக்கு நான் சொல்ல வேண்டியது நன்றி மட்டும் இல்லை. அவர்களுக்குத் தமிழ் எழுத்து வராது. ஆகவே இன்று ஆராதனை முடிந்ததும் இந்த மலரோடு அவர்கள் வீட்டுக்குப் போய், இந்தப் பக்கங்களை நானே வாசிக்கப் போகிறேன். அம்மா என்னைக் கேட்டார்கள். நான்தான் அனுப்பலாம் என்றேன். வாசித்து முடித்த பிறகு அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நினைத்தால் இப்போதே காய்ச்சல் வருகிறது. ஆனாலும் போவேன்.