அயடீன் குடித்தபின் வெள்ளவத்தை வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு

தைரொயிட் புற்றுநோய்க்குக் கழுத்தில் சத்திரசிகிச்சை முடிந்து, எஞ்சிய கலங்களை அழிக்கக் கதிரியக்க அயடீனும் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். ஆனால் வெள்ளவத்தை வீட்டுக்குப் போக முடியாது. சில நாட்களுக்கு என் உடம்பிலிருந்து கதிர் வீசும். வீட்டில் மருமகள் துஷி ஏழு மாதக் கர்ப்பிணி. கொழும்பின் மறுபக்கத்தில், கொட்டாஞ்சேனையில் தம்பியின் வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே தனியே இருக்க முடிவானது.

பஸ்ஸில் ஒட்டி உட்கார வேண்டும். ஓட்டோவில் சாரதியின் முதுகுக்குப் பின்னால்தான் இடம். ஆகவே வாடகை வான். கடைசி வரிசை மூலையில் நான், முன் சீட்டில் என் கணவர். சாரதி அந்தோனி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

உடுப்பு எடுக்க வெள்ளவத்தையில் நிறுத்தினோம். துஷி பையைப் படியில் வைத்துவிட்டு, விலகி நின்று கையசைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பம்பலப்பிட்டி தாண்டியதும் அந்தோனியால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணே, இந்த வயசில அக்காவ வீட்ட விட்டு அனுப்புறது சரியில்ல.”

“ஐயோ, நான் அனுப்பேல்லை!”

“அப்ப பின்னால போய்ப் பக்கத்தில இருந்து சமாதானம் சொல்லுங்க.”

“பக்கத்தில இருக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்.”

“புருசன் பொஞ்சாதி சண்டைக்கும் டொக்டரா?”

நான் சிரித்துவிட்டேன். கரகரத்த குரலில் அது அழுகையாகக் கேட்டிருக்க வேண்டும், வானையே ஓரங்கட்டிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“அக்கா, எனக்கு ஒன்னும் ஆகாதே?”

“இவ்வளவு தூரத்தில, இந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பயமில்லையாம்.”

சிலுவை போட்டுக்கொண்டார். கோட்டை நெரிசலில் அப்படியொரு வேகத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் கொட்டாஞ்சேனையில் பையை அவரே மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். கீழே இறங்கி நின்று, “சாப்பாடு வேணுமெண்டா கோல் எடுங்க அக்கா. வாசல்ல வச்சிட்டு ஓடிருவேன்” என்றார். இரண்டு தடவை மீன்கறி வந்தது. இரண்டு தடவையும் ஓடினார்.

இதே பயணம் போகிறவர்களுக்கு: வெள்ளவத்தையிலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர், நெரிசலில் முக்கால் மணித்தியாலமாவது பிடிக்கும். தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். எத்தனை நாள் விலகியிருப்பது என்பதை உங்கள் டொக்டரிடமே கேளுங்கள். சாரதிக்கு ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

டொக்டர் சம்மதித்த பிறகு வீடு திரும்பினேன். துஷி என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். இத்தனை நாள் காக்கவைத்ததற்கு, உள்ளேயிருந்து நல்லதோர் உதை விழுந்தது.