தாய்மாமன் தலைக்கு எட்டாத துணி

எங்கள் குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து என்று ஒன்று உண்டு. நாற்பது வயதுக்கு மேல் வளையும் கால். கெலிஓயாவுக்கு மேலே கோப்பித் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில் எங்கள் லயம் எங்கே என்று யாராவது கேட்டால், "அந்தா வளைஞ்சு போறாரு பாருங்க, அவரு பின்னாலயே போங்க" என்றுதான் வழி சொல்வார்கள்.

வளைவதோடு நின்றால் பரவாயில்லை. எலும்புக்குள் குடையும். முழங்காலுக்குக் கீழே தொட்டால் சுடும். மலைக் குளிரில் அம்மா காலையில் அடுப்பு மூட்டும் முன் அப்பாவின் காலில்தான் கையைச் சூடேற்றிக்கொள்வாள். சிலருக்குத் தலையும் பெருத்துப்போகும். கங்காணியாக இருந்த என் தாய்மாமன், துரை கழித்துப்போட்ட தொப்பி ஒன்றை வைத்திருந்தார். வருடா வருடம் அது இறுகியது. "மழையில நனைஞ்சு சுருங்குது, மட்டமான தொப்பி" என்று துரையைத் திட்டுவார்.

அந்த மாமாதான் ஊரிலிருந்து எங்களையெல்லாம் ஆள்கட்டிக் கூட்டி வந்தவர். ஆள் என்றால் யார்? மச்சான், மச்சினி, மாமன் மகள், அத்தை மகன். என் அப்பாவும் அம்மாவுமே அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. ஆகவே நோயும் எங்களோடு தோணி ஏறி, காட்டுப்பாதையில் நடந்து, பத்திரமாக மலைக்கு வந்து சேர்ந்தது.

தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்கார டாக்டர், மலைச்சரிவில் ஏறி இறங்குவதால் வரும் வளைவு இது என்றார். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "அப்படின்னா துரையோட குதிரையில்ல மொதல்ல வளைஞ்சிருக்கணும்! அடுத்த லயத்து ஆளுங்க என்ன, பறந்தா வேலைக்குப் போறாங்க?" அடுத்த லயத்தார் வேறு சீமைக்காரர்கள். கிழவர்கள்கூடக் கம்பு மாதிரி நிமிர்ந்து நடப்பார்கள். அந்தக் காலத்தில் ஊரிலேயே அந்தச் சீமையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கிழவிகளுக்குக் கால் வளையவில்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகள் சிலருக்கு மட்டும் வளைந்தது. அத்தை முடிவு சொல்லிவிட்டாள்: "நமக்குள்ளேயே குடுத்து எடுத்தா இது போகாது. இவனுக்கு வெளியில பாப்போம்."

நான் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தேன். கோப்பி மூட்டைகளோடு ஆற்றுக்கு அக்கரையில் கட்டுகஸ்தோட்டை போகும்போதெல்லாம், அங்கே மாட்டுவண்டி ஓட்டும் ஒரு கரத்தைக்காரரின் மகள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் துணிந்து, "இந்த மாடு முட்டுமா?" என்று கேட்டேன். "ஆளப் பொறுத்தது" என்றாள். அன்றோடு எனக்கு வேறு பெண் கண்ணில் படவில்லை.

சிக்கல் அவள் அப்பா. எங்கள் லயத்துக் கால்களின் புகழ் ஆற்றைக் கடந்து அவர் காதுக்கும் போயிருந்தது. "பையன் கால் நேராத்தான் இருக்கு. பெரியவங்களப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று சொல்லியனுப்பினார்.

அத்தை திட்டம் போட்டாள். ஆண்கள் எல்லாரும் வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்ட வேண்டும். பெண் வீட்டு வாசலில் போய் இறங்கியதும் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும். அவள் கண்காட்டும் வரை எழுந்திருக்கக் கூடாது, வீடே பற்றி எரிந்தாலும்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பேச்சு முடிந்தால் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குத் தலைப்பாகை கட்ட வேண்டும். கட்டிய துணி தலையில் நின்றால்தான் சம்மதம். கால்களை மறைப்பதிலேயே கவனமாக இருந்தவர்கள், மாமாவுக்குத் தலை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம்.

புதுத்துணி ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று பாதியில் நின்றுவிட்டது. செருக முனை இல்லை. இழுத்துச் செருகினார், நழுவி மாமாவின் மூக்கில் விழுந்தது. மறுபடி கட்டினார், தோளில் விழுந்தது. என் கல்யாணமே ஒரு முழத் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சம்பந்தி, தலை வருசா வருசம் வளருதா?" என்றார் கரத்தைக்காரர்.

மாமாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமாய்யா, வளருது! காலும் வளையுது! இந்தா பாத்துக்க!" என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவர் இரண்டு காலுக்கும் நடுவே, முற்றத்தில் கட்டியிருந்த மாடு கொம்போடு முழுசாகத் தெரிந்தது. அத்தை தலையில் கைவைத்தாள்.

கரத்தைக்காரர் மாட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "தம்பி, ஒனக்கும் இது வருமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வரலாங்க. வராமலும் போகலாம். இப்போதைக்கு மாடு தெரியாதுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் துணியை மடிக்கத் தொடங்கினார். அப்போது உள்ளேயிருந்து அவள் வந்தாள், கையில் அவள் அப்பாவின் எட்டு முழ வேட்டியோடு.

"இதக் கட்டுங்கப்பா. நாலு சுத்து வரும்."

"நீ சும்மா இரு. கால் வளைஞ்சா என்ன பண்ணுவ?"

"நேர்க்கால் மாப்பிள்ளை அக்காவ விட்டுட்டு ஓடுனது போதும்பா. இவரு ஓடுனா எட்டிப் புடிச்சிரலாம்."

முதலில் சிரித்தது மாமாதான். பெரிய தலை, சிரிப்பும் பெரிதாகவே வந்தது. பிறகு கரத்தைக்காரரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு வேட்டியை விரித்தார். நாலு சுற்று வந்தது. நின்றது.

இன்று கோப்பி போய்விட்டது. இலையில் விழுந்த நோய் செடியைத் தின்றது. அந்தச் சரிவில் இப்போது தேயிலை. எங்கள் நோய் மட்டும் செழிப்பாக இருக்கிறது. எனக்கு நாற்பது தாண்டி வலது கால் வில்லாகிவிட்டது. அறிவு வளராத தலை அளவில் வளர்கிறது. குடைச்சல் எடுக்கும் நாளில் இந்த வேடிக்கையெல்லாம் வாயில் வராது. அன்று அவள் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாள். மகனுக்குக் கால் நேராக இருக்கிறது. அவன் குனிந்து முகம் கழுவும்போதெல்லாம் நாங்கள் இருவரும் அவன் காலைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வோம்.

இன்று காலை நல்ல பனி. அவள் வந்து என் காலில் இரண்டு கையையும் வைத்துச் சூடேற்றிக்கொண்டாள்.

"ஓடுற எண்ணம் எதும் இருக்கா?" என்றாள்.

"இந்தக் காலோட எங்க ஓடுறது?"

"அப்ப அடுப்புல வெறகத் தள்ளுங்க."